எறும்பு கடித்த கம்பு

மட்டாஞ்சேரியில் கம்பு தின்னக் கொடுத்துவைத்தவை புறாக்கள்தான். கொச்சங்காடிப் பண்டகசாலை முற்றத்தில் குஜராத்தி சேட் தினமும் உச்சிவெயிலில் ஒரு படி கம்பை வீசுவார். புறாக்கள் பொறுக்கியது போக அணில்களுக்கு, அவை விட்டது எறும்புகளுக்கு. அங்கே மூட்டை தூக்கும் நான், சங்கிலிப்பாண்டி, கமுதிக்காரன், மூன்று வருஷமாகக் கம்பங்கூழ் காணாதவன், எச்சில் ஊற நிற்பேன். இந்த ஊர்க் கடைகளில் கம்பு கிடையாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் என் மனைவி சீனியம்மாளுக்கும் கம்பு தேவைப்பட்டது. எங்கள் பக்கத்திலிருந்து வந்த பத்துக் குடும்பமும் முதல்முறையாக இங்கே அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பதாக முடிவு. மற்ற தானியமெல்லாம் சேர்ந்துவிட்டது; கம்பு இல்லாத பாரியை அவள் தலையில் ஏற்றமாட்டாளாம். சேட்டிடம் கேள் என்றேன். பட்சிக்குப் போட்டதில் பங்கு கேட்க அவளுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று மாலை கோடைமழை பெய்தது. மறுநாள் காலை, புற்றுக்குள் நனைந்துபோன கம்பை எறும்புகள் பண்டகசாலைச் சுவரோரம் வெயிலில் காயப்போட்டிருந்தன. சீனியம்மாள் அதை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள். எறும்பிடம் எடுத்தால் கௌரவம் குறையாது போலிருக்கிறது.

சட்டியில் விதைத்த மூன்றாம் நாள் பயறு, மொச்சை, சோளம் எல்லாம் தலைநீட்டின. கம்பு மட்டும் அசையவில்லை. அவள் ஒன்றைத் தோண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முனை கடிக்கப்பட்டிருந்தது. எல்லாமே அப்படித்தான். புற்றுக்குள் முளைத்துப்போகாமல் இருக்க எறும்புகள் செய்துவைத்த வேலை. பஞ்ச காலத்தில் புற்றைத் தோண்டி எறும்பு சேர்த்த தானியத்தில் கஞ்சி காய்ச்சிய எங்களுக்கு இது தெரியவில்லை. தின்றோமே தவிர, ஒருநாளும் விதைத்ததில்லை.

அவள் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராகப் புறாக்களுக்கு நடுவே போய் நின்றாள். விரட்ட வந்த காவலாளி அப்புவை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“எறும்பு கடிச்சது மொளைக்க மாட்டேங்குது, மொதலாளி. கடிக்காதது ஒரு பிடி குடுங்க. சாமிக்கு.”

சேட்டுக்குப் பாதிதான் புரிந்தது. கடிபட்ட மணிகளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கால்படி அளந்து கொடுக்கச் சொன்னார்.

திருவிழாவன்று பாரியில் கம்பு எல்லாவற்றையும்விடக் குட்டையாகத்தான் நின்றது. ஆனால் நின்றது. அவள் நடந்த நடையைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

மிச்சக் கம்பில் கூழ் உண்டு என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். மறுநாள் அவள் அதிலே பாதியை எடுத்துக்கொண்டு எறும்புப் புற்றுக்குக் கிளம்பினாள்.

“அதுக காயப்போட்டதத்தான அள்ளிட்டு வந்தேன்,” என்றாள்.

புறா, அணில், அம்மன், எறும்பு, அதற்கப்புறம்தான் நான். அரை லோட்டா கூழ் கிடைத்தது. லோட்டாவையும் வழித்து நக்கினேன்.