இழுப்பறையில் ஒரு சிலிகோன் பட்டை

காயத்துக்குக் கட்டுப் போடும் அறைக்குள் அவன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே வந்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு. நர்ஸின் கையில் கையுறை பாதியிலேயே நின்றது.

தோலுக்கடியில் தகடு வைத்து, மேலே கல் பதிக்கிற கடைக்காரன். ஒரு காலத்தில் அவள் புருஷன். அவள் கழுத்துக் குழிக்குக் கீழே அவன் பதித்த கல் சீழ் பிடித்தது. பிடுங்கிய இடத்தில் மண்புழுபோலத் தழும்பு புடைத்தது. கடை நிறைய ஆட்கள் இருக்க, அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "என் கையில குறையில்ல. எல்லாம் இவ தோலைப் பொறுத்தது."

அன்று மாட்டிய மேல் பட்டனை அவள் யார் முன்னாலும் கழற்றியதில்லை.

"என் கழுத்துல நானே வச்ச கல்லு சீழ் பிடிச்சிடுச்சு. தகட்டை டாக்டர் எடுத்துட்டாரு. கட்டுக்கு உன்கிட்டதான் போகச் சொன்னாரு," என்றான். "பரவாயில்ல, பேர் வாங்கிட்டே!"

"உட்காருங்க. என்ன போட்டுத் துடைச்சீங்க?"

"ஸ்பிரிட்தான். ஒட்டிக்கக் கூடாதுன்னு கல்லைத் தினம் திருகியும் விட்டேன்."

"தூங்குற குழந்தையைத் தினம் கிள்ளி எழுப்புன மாதிரி. அப்புறம் எப்படி ஆறும்?"

அவளுக்கும் அதையேதான் செய்தான். குற்றம் தோலில் இல்லை என்பது, இந்த வேலைக்கு வந்த இரண்டாம் மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அடுத்த மாசம் கண்காட்சி இருக்கு. என் கழுத்துதான் கடைக்கு விளம்பரம். தழும்பு மட்டும் வந்துடக் கூடாது, பார்த்துக்கோ."

பார்த்துக்கொண்டாள். இரண்டு வாரம் உப்புநீரால் கழுவினாள். பொருக்கை உரிக்காமல் ஈரமாக வைத்தாள். புண்ணை ஆற்றுவது அவள் கடமை. அதில் கடுகளவும் குறை வைக்கவில்லை.

கடைசி நாள் புண் அழகாக மூடியிருந்தது. இனி வேண்டியது சிலிகோன் பட்டை. மூன்று மாதம் விடாமல் ஒட்டினால் தழும்பு புடைக்காமல் அடங்கும். கேட்காதவர்களுக்கும் அவள் எடுத்துக் கொடுப்பது அது. இழுப்பறையைத் திறந்தாள். ஒன்று இருந்தது.

மனசு குத்தும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள். குத்தவில்லை. இழுப்பறையை மூடினாள்.

"தழும்பு வருமா?" கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தபடி கேட்டான்.

அவள் மேல் பட்டனைக் கழற்றினாள். கண்ணாடிக்குள் அவன் பார்வை அந்த மண்புழுவின் மேல் விழுந்து, அங்கேயே நின்றது.

"அது உங்க தோலைப் பொறுத்தது," என்றாள்.

பிறகு பட்டனை மாட்டாமலே கதவைத் திறந்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.