மிச்சக் கண்ணாடி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளலாம். வருத்தமான கதைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பாட்டில் ஆலைக்குப் பின்னால் இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஒரு வீட்டு அலமாரியில், கண்ணாடிச் சாமான்கள் மூச்சு விட்டன. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதைப் போல அங்கே குடியிருந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. அவற்றின் உள்பக்கம் ஆவி படியும், கலையும், மறுபடி படியும்.

அவற்றைச் செய்தவளை ஊதுகாரி என்றார்கள். நீளக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியை அள்ளி, மறுமுனையில் வாய் வைத்து ஊதிப் பாட்டில் செய்வது ஆலையில் அவள் வேலை. ஷிஃப்ட் முடியும்போது உலைச்சட்டியின் அடியில் ஒரு பாட்டிலுக்குப் போதாத கண்ணாடி மிஞ்சும். அதை யார் என்ன செய்தாலும் மேஸ்திரி கண்டுகொள்ள மாட்டார். மற்றவர்கள் வாத்தும் பூச்சாடியும் ஊதிக் கடைவீதியில் விற்றார்கள். இவள் மட்டும் மூக்கில்லாத கெண்டி, மூன்று கால் தவளை, எந்தக் காலுக்கும் சேராத செருப்பு என்று எதையாவது ஊதி, ஆறியதும் முந்தானையில் சுற்றிக் கொண்டுபோவாள். "இதை வச்சு என்னடி பண்ணப்போற?" என்று கேட்டால், "ஒண்ணும் பண்ணப்போறதில்ல. பார்த்தா சிரிப்பு வருதுல்ல?" என்பாள்.

அவள் புருஷன் அதே ஆலையில் மணல் சலித்தவன். சலித்த தூசியெல்லாம் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த மழைக்காலம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மத்தியானம் மூச்சு முட்டி அவன் அலமாரிக்கு அடியில் சரிந்தபோது, மேலே தவளையின் வயிறு எழுந்தது, அதோடு அவன் நெஞ்சும் எழுந்தது. கெண்டி இறங்கியது, அவனும் இறங்கினான். அன்றே கட்டிலை அங்கே நகர்த்திப் போட்டார்கள். டாக்டர் வந்து அவன் நெஞ்சில் குழாயை வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. தவளைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, நோயாளியை இடம் மாற்ற வேண்டாம் என்று சொல்லிப் போனார். மழைக்காலம் தாண்டியது, அடுத்ததும் தாண்டியது.

அந்த வீட்டில் அவனுடைய அக்காவும் இருந்தாள். நாக்கு நீளம், மனசு நல்லது. தம்பியின் மருந்துக்காகக் கெண்டியைக் கடைக்காரனிடம் கொடுத்தாள். அவன் அதன்மேல் விலைச்சீட்டை ஒட்டியதும் அதன் மூச்சு நின்றது, இங்கே தம்பிக்கு உதடு நீலம் பாய்ந்தது. ஓடிப்போய்த் திருப்பி வாங்கிவந்து சீட்டைச் சுரண்டிப் பார்த்தாள். அது வெறும் கெண்டியாகவே இருந்தது. "கண்ணாடிக்கு இவ்வளவு ரோஷமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மற்றவையும் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. ஒரு மனுஷனுக்குச் சேர்த்து மூச்சு விடுவது தவளைக்கும் செருப்புக்கும் லேசான காரியமா? ஊதுகாரி பதறிப்போய்த் தினமும் மிச்சக் கண்ணாடியோடு மல்லுக்கு நின்றாள். அவள் வாழ்நாளில் அத்தனை அழகாக ஊதியதில்லை. இறகு விரித்த பறவையைக் கண்டு கேலி செய்தவர்களே கிட்ட வந்து தொட்டுப் பார்த்தார்கள். அதில் ஒன்றுகூட மூச்சு விடவில்லை.

புருஷனுக்குத்தான் முதலில் விளங்கியது. "நீ என்னை நெனச்சுக்கிட்டே ஊதுற."

"வேற யாரை நெனக்கச் சொல்றீங்க?"

"யாரையும் நெனக்காத. முன்ன மாதிரி ஊது."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "புருஷன் பொழைக்கணும்னு நெனக்கிறதும் லாபக் கணக்கா? இது எந்த ஊரு நியாயம்டா தம்பி?" என்று கத்தினாள். ஊதுகாரி அவனை மறக்கப் பார்த்தாள். பாட்டு முணுமுணுத்தாள், பக்கத்தில் இருப்பவளோடு வேண்டுமென்றே சண்டை பிடித்தாள். குழாயில் வாய் வைத்ததும் அவன் முகம் வந்து நின்றது. முப்பது வருஷம் சேர்ந்து சாப்பிட்டவனை எங்கே தள்ளி வைக்க முடியும், சொல்லுங்கள்.

கடைசியில் தவளை மட்டும் மிஞ்சியது. ஒரு செவ்வாய்க்கிழமை அதுவும் ஓய்ந்தது. அவள் கையைப் பிடித்தபடியே அவன் போனான்.

காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். ஷிஃப்ட் முடிந்ததும், பழகிய கை தானாகச் சட்டியின் அடியைத் துழாவியது. வேண்டிக்கொள்ள இனி என்ன இருக்கிறது? ஊதினாள். பேர் சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்தது. மறுநாள் அதைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்ததும் அது மூச்சு விட்டது.

அக்கா சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "இப்ப எதுக்குடி விடுது? அவன் கெடந்து துடிச்சப்ப எங்க போச்சு இது?" ஓங்கிய கை அப்படியே நின்றது. அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, யாரையும் கேட்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல். அவள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இது என்னதுடி?" என்றாள்.

"தெரியல அண்ணி."

"நாளைக்கும் ஊதுவியா?"

"ஊதுவேன்."

"அப்ப எடம் பத்தாது. அவன் கட்டிலைப் பிரிச்சு இன்னொரு பலகை அடிச்சிடலாம்."

அடித்தார்கள். பிறகு வந்த வருஷங்களில் அந்தச் சுவர் முழுக்கப் பலகையாயிற்று. புதிதாகக் குடிவருகிறவர்கள் சத்தம் என்னவென்று கேட்டால், கண்ணாடி தூங்குகிறது என்று அக்கா சொல்லுவாள், அவர்களும் சரியென்று போய்விடுவார்கள்.

நேரமாச்சு, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் படுக்கிற அத்தனை பேரும் காலையில் எழுந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நன்றாயிருங்கள்.