அறுபது இலை

இலையைப் பற்றி லமாய்க்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் நிற்பது அவள் வைத்து வளர்த்த, இலையை மென்றால் களைப்பே தெரியாத கிராத்தோம் மரம். தெற்குத் தாய்லாந்தில் நாகோன் சி தம்மராட் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நடு நரம்பைக் கிழித்தெறிந்துவிட்டு நாலு இலையை வாயில் அதக்கிக்கொண்டுதான் வெயிலில் இறங்குவார்கள். இலை மெல்லுகிறவன் உழைப்பாளி என்று நம்பிப் பெண் கொடுக்கிற ஊர் அது.

பிரசோப்பும் அப்படித்தான் தன் மகளை லமாயின் தம்பி கிலியாங்குக்குப் பேசி முடித்தார். "ஒரு நாளைக்குப் பத்து இலை, மாமா" என்று அவரிடம் அளந்துவிட்டிருந்தான் கிலியாங். படுபாவி, தின்றது அறுபது! மூன்று வருஷத்துக்கு முன் ஹெராயின் என்கிற வெள்ளைப் பொடியில் விழுந்து கிடந்தவன். அதிலிருந்து அவனை மீட்டது இந்த இலைதான். இப்போது இலை அவனைப் பிடித்துக்கொண்டது. இது லமாய்க்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கிலியாங் துரியன் பழ மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். மாவட்ட ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி லமாயும் பிரசோப்பும் நின்றார்கள். டாக்டரம்மா கேட்டாள்: "போதைப் பழக்கம், வேற மருந்து ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றான் கிலியாங்.

அவன் முழுப்பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. அங்கே எவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். இலையைப் போய் யாராவது போதைக் கணக்கில் சேர்ப்பார்களா?

நர்ஸ் வலிக்கான ஊசியோடு வந்தாள். ஆளை அப்படியே தூங்க வைத்துவிடும் என்றாள். இலையோடு தூக்க மருந்தையும் விழுங்கி, மூச்சு அடங்கிப்போன ஒருவனை லமாய் கண்ணால் பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்தால் கல்யாணம் போச்சு. மூடினால் தம்பியே போய்விடுவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"நிறுத்துங்க! அவன் இலை திங்கறவன். ஒரு நாளைக்கு அறுபது. காலையிலயும் தின்னுருக்கான்."

"அக்கா, வாயை மூடு!" என்று பதறினான் கிலியாங்.

"நீ மூடுடா. பொடியை விடத்தான் இலைக்கு வந்தான், டாக்டரம்மா. அதையும் எழுதிக்குங்க."

ஊசி நின்றது. "நல்லவேளை சொன்னீங்க" என்றாள் டாக்டரம்மா. "பொடியை விடுறதுக்கு இலை கைகொடுத்திருக்கலாம். ஆனா அறுபதுங்கறது இன்னொரு கைவிலங்கு. திடீர்னு நிறுத்தினாலும் உடம்பு உதறிப்போடும், மெதுவாத்தான் குறைக்கணும்." மருந்தை மாற்றி, அளவைக் குறைத்து, மூச்சைக் கவனிக்க விரலில் ஒரு கருவியையும் மாட்டச் சொன்னாள்.

பிரசோப் வெளியே போனார். லமாய் பின்னாலேயே ஓடினாள்.

"மாமா, திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

"உன்னை எதுக்குத் திட்டணும்? பத்துன்னு சொன்னவன், பொடியை மறைச்சவன் அவன். அவன் வாயை இனி நான் நம்பமாட்டேன்."

"அப்ப கல்யாணம்?"

"அவன் இலையைக் குறைச்சு நடமாடட்டும், தேதியை மாத்திக்கலாம்" என்றார் பிரசோப். "நான் நிக்கறேன்னு தெரிஞ்சும் நீ உண்மையைச் சொன்ன பாரு. என் மகளை உன்னை நம்பித்தான் அனுப்பறேன்."

லமாய் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள்.