யாகோதா வாசித்த வரி

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் யாகோதா. தொலைபேசியில்தான் கேட்டாள்.

"டீச்சர், நீங்க கதை எழுதுவீங்கல்ல? என்னோடதையும் எழுதுங்க. ஆனா அதுல நான் அந்த வரியை வாசிக்கக் கூடாது."

நடந்ததை நடக்கவில்லை என்று எழுதச் சொல்கிறாள். எந்தத் தைரியத்தில் சரி என்றேனோ தெரியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "போலந்தின் தென்மேற்கு மூலையில், பூமி வாய் பிளந்து கிடக்கும் அந்தப் பெரும் பள்ளத்தின் விளிம்பில்..."

(வேண்டாம். பள்ளத்தை வர்ணிக்க ஆரம்பித்தால் மனிதர்கள் அதற்குள் விழுந்து காணாமல் போகிறார்கள்.)

2

எங்கள் ஊர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தால் சாப்பிடுகிற ஊர். குன்றைத் தாண்டினால் செக் நாட்டுக் கிராமங்கள். பள்ளம் இறங்க இறங்க அங்கே கிணற்று நீரும் இறங்கியது. நான் இங்கே உயர்நிலைப் பள்ளியில் செக் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வருடம் இரண்டு பக்கத்துப் பள்ளிகளும் சேர்ந்து, "பருவநிலையும் தொழிலும்" என்று பெயர் வைத்து, பிள்ளைகளை மாற்றி மாற்றி அனுப்பின. ஒரு வாரம் அவர்கள் வீட்டில், ஒரு வாரம் நம் வீட்டில். முடிவில் எங்கள் நகர மன்றத்தில் ஒரு கூட்டறிக்கை.

என் மாணவி யாகோதா போனது செக் பக்கத்தில் வொய்தா என்கிற பையனின் வீட்டுக்கு. போன அன்றே தலைக்குக் குளித்தாள். நீளமான கூந்தல், நிறையத் தண்ணீர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வொய்தாவின் அம்மா லிபுஷே, தோட்டத்துப் பீப்பாயில் பிடித்த மழைநீரில் தட்டுகளைக் கழுவுவதைப் பார்த்தபோதுதான், லாரியில் வந்த தண்ணீர் முழுவதும் தன் தலையோடு போய்விட்டது புரிந்தது.

"சொல்லியிருக்கலாமே," என்றாள் வொய்தாவிடம்.

"விருந்தாளிகிட்ட எப்படிச் சொல்றது? அம்மா என் காதைத் திருகிடுவாங்க."

3

அடுத்த வாரம் வொய்தா இங்கே வந்தான். யாகோதாவின் அப்பா லெஷெக் சுரங்கத்தில் மண்வெட்டி இயந்திரம் ஓட்டுபவர். இரவுச் சாப்பாட்டில் பையன் ரொட்டியைக் கடித்துவிட்டு, ரொம்பப் புதுசாக இருக்கிறது என்று அவன் மொழியில் பாராட்டினான். அவர்களுக்குப் 'புதுசு' என்கிற சொல் எங்களுக்குக் 'காய்ந்துபோனது'. லெஷெக் ரொட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னிக்குக் காலைல வாங்கினதுடா. உங்க ஊர்ல என்ன, அடுப்புக்குள்ளயே உக்காந்து சாப்பிடுவீங்களா?"

விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பையனை அவருக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் பள்ளத்தின் விளிம்புக்குக் கூட்டிப்போனார்.

"எங்க கிணத்துத் தண்ணி இங்கதான் வருதா?" என்று கேட்டான் வொய்தா.

"தண்ணி வருது, இறைச்சு வெளிய விடறோம். இல்லன்னா பள்ளம் ரொம்பிடும். யார் வீட்டுத் தண்ணின்னு அதுமேல எழுதியா இருக்கு?" கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மா தண்ணிக்கு என்ன பண்றாங்க?" என்றார்.

"லாரி வரும்."

(இது வொய்தா எனக்குச் சொன்னது. பையன்கள் சொல்லும்போது கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அம்மாவைப் பற்றிய அந்தக் கேள்வியை நம்புகிறேன். அது லெஷெக்கேதான்.)

4

அறிக்கையில் அந்த வரியை எழுதியவள் யாகோதா. 'சுரங்கத்தை இனி ஆழப்படுத்தக் கூடாது. அதை எங்கள் ஊரே முதலில் சொல்ல வேண்டும்.'

"இத நான் வாசிச்சுக்கறேன். நீ வாசிச்சா உங்க ஊர்ல உன்னை வாழ விடமாட்டாங்க," என்றான் வொய்தா.

"நீ வாசிச்சா புகார் சொல்றேன்னுதான் நினைப்பாங்க. நான் வாசிச்சா..." என்று தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மன்றத்தில் லெஷெக் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுரங்கத் தொழிலாளர் திருநாளுக்கு மட்டும் எடுக்கிற கறுப்புச் சீருடை, பித்தளைப் பொத்தான்கள், மடியில் இறகு வைத்த தொப்பி. மகள் மேடையேறுகிறாள் என்று அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். லிபுஷே பின்னால், செக் பெற்றோர்களோடு. அவர்களுக்கு நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

யாகோதா வாசித்தாள்.

"உன் வீட்டு வெந்நீர் எங்கேருந்து வருதுன்னு உங்கப்பனைக் கேளு," என்றது ஒரு குரல். எங்கள் வீடுகளுக்குக் குழாயில் வெந்நீர் வருவது அந்தச் சுரங்கத்து நிலக்கரியை எரித்துத்தான். லெஷெக் எழுந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி பக்கக் கதவு வழியாகப் போனார்.

வீட்டில் அவர் சத்தம் போடவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வாசிக்க விட்டிருப்பீங்களா?"

"அது தெரியல. இந்த டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு வந்திருக்க மாட்டேன்."

அதன்பிறகு அப்பாவும் மகளும் பேசியது உப்பு, சாவி, கதவைச் சாத்து, அவ்வளவுதான்.

5

கொஞ்ச காலம் கழித்துச் சுரங்கத்தில் ஒரு பிரிவை மூடினார்கள். கட்டுப்படியாகவில்லை என்பது காரணம். ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் முதலில் வேலை போனவர்களில் லெஷெக் இருந்தார். "பொண்ணு வாசிச்சா, அப்பன் வீட்டுக்குப் போனான்" என்றது ஊர். பள்ளிகளின் பரிமாற்றமும் நின்றது. யாகோதா படிக்க வ்ரொத்ஸ்வாஃப் நகரத்துக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அவள் அழைத்தால் லெஷெக் போனை மனைவியிடம் நீட்டிவிடுகிறார்.

(அடுத்து வருவதை எந்தப் பதிப்பாசிரியரும் அடித்துவிடுவார். நடந்ததே இப்படித்தான் என்றால் நான் என்ன செய்வது?)

கனரக வண்டி உரிமம் இருந்ததால் லெஷெக்குக்கு எல்லைக்கு அப்பால் வேலை கிடைத்தது. வறண்ட கிராமங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.

6

கதைக்காக லிபுஷேயைப் பார்க்கப் போனேன். சமையலறையில் அவள் சொன்னாள்: "அன்னிக்கு அந்தப் பொண்ணு மட்டும் வாசிக்கலேன்னா, உங்க ஊர்ல மனுஷங்களே இல்லன்னு நினைச்சிருப்பேன்."

அப்போது லாரி வந்தது.

"இந்த டிரைவர் தங்கமான ஆளு. காபி குடுத்தா நின்னுகிட்டே குடிப்பார். தொட்டி ரொம்பினப்புறமும் கொஞ்சம் கூட விடுவார்," என்றாள்.

மன்றத்தில் அவள் பார்த்தது அவருடைய முதுகைத்தான்; இவர்தான் யாகோதாவின் அப்பா என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்த வொய்தாவோ படிக்க வெளியூர் போயிருந்தான். குழாயோடு வந்த லெஷெக் சன்னல் வழியாக என்னைப் பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் சொல்லவில்லை.

7

யாகோதா கேட்ட கதையையும் எழுதிப் பார்த்தேன். அதில் அவள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறாள். பிறகு ஒரு பிரிவு மூடப்படுகிறது. அதை என்னால் நிறுத்த முடியவில்லை. லெஷெக்குக்கு வேலை போகிறது, லாரி ஓட்டுகிறார். மாறுவது ஒன்றுதான்: சாயங்காலங்களில் மகளிடம் போனில் பேசுகிறார். மலைப்பாதையில் பனி, லாரியின் கியர், சாப்பிட்டியா.

ஆனால் லிபுஷே சமையலறையில் சொன்னதை அடித்துவிட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாகோதா அழைத்தாள். நான் எழுதியதைச் சுருக்கிச் சொன்னேன்.

"அதுல அப்பா கை தட்டறாரா?"

"தட்டறார்."

"சத்தமாவா?"

"எல்லாரையும் விட."

"லிபுஷே அம்மா?"

"அவங்களும் தட்டறாங்க. மரியாதைக்கு."

"மரியாதைக்கு," என்று திருப்பிச் சொன்னாள். பிறகு, "அனுப்பாதீங்க டீச்சர். கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று வைத்துவிட்டாள்.

ஆகவே இதற்கு என்னிடம் முடிவு இல்லை. நீங்கள் படித்தது நடந்தது. மற்றதை, மனமிருந்தால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரியைக் கேட்காமலே திரும்பப்போகிற லிபுஷேயை மன்றத்தில் எங்கே உட்காரவைப்பது என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துவிடுங்கள். என்னால் முடியாமல் போனது அதுதான்.