இந்தக் காட்சி முடியட்டும்

கணவர் ராமசுவாமி இறந்த ஐந்தாவது மாதத்தில் கல்பகம் ஒரு வேளை சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டாள். காஞ்சன்பாக் பக்கத்து அடுக்குமாடி வீட்டில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் படுத்தே கிடந்தாள். ஊரின் மறுகோடியில் இருக்கும் கொண்டாப்பூரிலிருந்து வாராவாரம் வந்து பார்க்கும் மகள் ஹம்ஸினிதான், "இப்படியே விட்டா நீயும் போயிடுவேம்மா" என்று பிடிவாதமாக ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போனாள்.

ஆலோசகர் ரஞ்சனாவின் குடும்பம் நான்கு தலைமுறையாகச் செகந்தராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மனதில் இருப்பதைச் சொல்ல வாய் வராதவர்களை ஒரு சினிமா பார்த்துவிட்டு வரச் சொல்வது அவள் வழக்கம். படத்தில் வரும் யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்கள், கொஞ்ச நேரத்தில் தங்களைப் பற்றிப் பேசிவிடுவார்கள் என்பது அவள் அனுபவம். கல்பகத்துக்கு அவள் கொடுத்தது, படுக்கையில் விழுந்த கணவனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனைவியின் கதை.

"முடியலைன்னா நக்கோம்மா, பார்க்க வேண்டாம். எங்க நிறுத்தினீங்கன்னு மட்டும் வந்து சொல்லுங்க."

அடுத்த வாரம் கல்பகம் சொன்னாள்: "பார்த்தேன். நன்னா இருந்தது. கடைசியில அவர் போயிடறார். அவ அழறா."

"அந்தப் படத்துல அவர் போகலைம்மா," என்றாள் ரஞ்சனா மெதுவாக.

கல்பகம் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் பார்க்கலை. அவர் போனதுலேர்ந்து டிவியைப் போட முடியலை எனக்கு."

"இங்க என்னோட சேர்ந்து பத்து நிமிஷம் பார்க்கலாமா?"

லேப்டாப்பில் படம் ஓடியது. ஐந்தாவது நிமிடத்தில், படுத்திருந்தவன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

கல்பகம் எழுந்து நின்றுவிட்டாள். "நிறுத்தும்மா அதை. அவ ஓடறா பாரு. நான் போகலை."

பிறகு நின்றுகொண்டே சொன்னாள். பக்கவாதம் வந்து மூன்று வருஷம் ராமசுவாமி படுக்கையில் இருந்தார். பேச்சு குழறிப் போயிற்று. அவள் பெயர் மட்டும்தான் தெளிவாக வரும்.

"ஒரு நாளைக்கு நாப்பது தடவை கூப்பிடுவார். போனா ஒண்ணும் இருக்காது. சும்மா என்னைப் பார்த்துண்டிருப்பார். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம். டிவில ஒரு பழைய சிரிப்புப் படம். ரெண்டு தடவை கூப்பிட்டார். இந்தக் காட்சி முடியட்டும்னு உட்கார்ந்திருந்தேன். வாய்விட்டு சிரிச்சேன். அவருக்குக் கேட்டிருக்கும். நான் போறதுக்குள்ள..."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"பக்கத்துலயே இருந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னார். முடியாதுதான். ஆனா என் மூஞ்சியைப் பார்த்துண்டு போயிருப்பாரே."

ரஞ்சனா லேப்டாப்பை மூடிவிட்டு, அவள் உட்காரும்வரை காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்தப் படத்தை ஐந்தைந்து நிமிடமாகப் பார்த்தார்கள். ஒருநாள் கல்பகத்துக்குக் கோபம் வந்தது.

"இவ தலைமுடி கலையவே இல்லை பாரு. பீத்துணி துவைக்கறவ மூஞ்சியா இது? ஒரு நாள்கூட இவளுக்கு எரிச்சல் வரலையே!"

"உங்களுக்கு வந்துதா?"

"தினம் வந்தது. ஏன் இன்னும் இருக்கார்னுகூட நினைச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதாள். பல மாதங்களுக்குப் பிறகு, அந்த வாரம் இரண்டு இரவு தூங்கினாள்.

மகளிடம் மறைத்துவைப்பதுதான் அவளுக்குப் பெரிய பாரமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை ரஞ்சனாவைப் பார்த்துவிட்டு மகளோடு திரும்பும் வழியில், மெஹ்திப்பட்டணத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது, காரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஹம்ஸினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டாள். "அப்பா கூப்பிட்டது உனக்குக் கேட்டுதா?"

"கேட்டது."

"அம்மா, வொய்? இதை ஏன் என்கிட்ட சொன்னே?"

வீட்டு வாசலில் இறக்கிவிட்டவள் மேலே வரவில்லை. அடுத்த இரண்டு வாரமும் வரவில்லை. ரஞ்சனாவிடம் போவதற்கு மட்டும் ஒரு கேப் பதிவு செய்து அனுப்பினாள்.

"சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று கேட்டாள் கல்பகம்.

"தெரியலைம்மா," என்றாள் ரஞ்சனா. "அவங்களும் அப்பாவை இழந்தவங்கதானே."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஹம்ஸினி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"எனக்கு இன்னும் உன்மேல கோபமா இருக்கும்மா."

"இருக்கட்டும்."

"மூணு வருஷத்துல நான் ஒரு நைட்கூட இங்க தங்கலை, இல்ல?"

அதெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் கல்பகத்துக்கு வாய் வந்தது. ஆனால், "ஆமாம்," என்றாள். "நீ தங்கலை."

ஹம்ஸினி தலையாட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குக்கரைத் திறந்து பார்த்து, இரண்டு தட்டு எடுத்துவைத்தாள். ஆறிப்போன சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டு இருவரும் சாப்பிட்டார்கள். சாப்பாட்டின் நடுவே ஹம்ஸினி ஒருமுறை கையை நிறுத்திக்கொண்டு அழுதாள். கல்பகம் அவளைத் தொடவில்லை. எழுந்தும் போகவில்லை.