திரும்பாத வரிசை

ஆட்சியைப் பிடித்தவர் தேர்தலை மூன்றாம் முறையாகத் தள்ளிவைத்திருந்த காலம். நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது, கோஷம் போடக் கூடாது, ஏன் என்று கேட்கவே கூடாது என்று சட்டம் வந்திருந்தது. நல்லவேளை, மூச்சு விட அனுமதி வாங்கச் சொல்லவில்லை.

காளீஸ்வரியின் மகள் சத்தியப்பிரியா கேட்டாள். கல்லூரியில் படிக்கிற பெண். "தேர்தல் எப்போது?" என்று ஓர் அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு காரைக்குடி பேருந்து நிலையத்தில் தன்னந்தனியாக நின்றாள். நாலு பேர் சட்டம் ஒருத்திக்கும் பொருந்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். எந்தச் சிறை, எப்போது விடுவார்கள், யாரும் சொல்லவில்லை. காளீஸ்வரி கொடுத்த மனுக்களெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன.

அதற்காக வயிறு சும்மா இருக்குமா? புதுவயல் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனாள். அங்கே அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, பெண்கள் வரிசையாகப் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்து கிளறிவிடுவார்கள். முன்னே போகிறவள் களத்து ஓரத்தில் திரும்பினால்தான் வரிசையும் திரும்பும். நிமிர்ந்து பார்க்கிற வழக்கமே கிடையாது. காளீஸ்வரிதான் முன்னே போகிறவள்.

அன்று மத்தியானம் லாரி வருவதற்காக ஆலை வாசல் திறந்திருந்தது. மகள் சாப்பிட்டிருப்பாளா என்ற ஒரே நினைப்பில் காளீஸ்வரி நடந்துகொண்டிருந்தாள். களத்தின் ஓரம் வந்தது; அவள் திரும்பவில்லை. வாசலைத் தாண்டி, தார்ச்சாலை காலைச் சுட்ட பிறகும் போய்க்கொண்டே இருந்தாள். அடுத்து வந்த ஞானபூரணி குனிந்த தலை நிமிராமல் பின்னாலேயே வந்தாள். அவள் பின்னால் மொத்தக் களமும் வந்தது.

இன்ஸ்பெக்டர் வீரபாண்டியன் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தினார்.

"எங்குட்டுப் போறீக?"

அப்போதுதான் காளீஸ்வரி பின்னால் பார்த்தாள். சட்டத்துக்கு நேர் விரோதமாக அத்தனை பெண்கள் நின்றார்கள். பயந்துதான் போனாள். ஆனாலும் உண்மைதான் வாயில் வந்தது.

"எம்மகளத் தேடிப் போறேன் சார்."

"இவுகளெல்லாம்?"

ஞானபூரணி முந்திக்கொண்டாள். "அவ திரும்புனாத்தான் நாங்க திரும்புவோம்."

கோஷமில்லை, கொடியில்லை, கையில் ஒரு குச்சிகூட இல்லை. பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் இன்ஸ்பெக்டர் விழித்தார். உள்ளே வரக் காத்திருந்த லாரியின் ஓட்டுநர் மாயக்கண்ணன் அதற்குள் எல்லாவற்றையும் கைபேசியில் படம்பிடித்துச் சக ஓட்டுநர்களுக்கு அனுப்பிவிட்டார். அரிசி போகிற ஊருக்கெல்லாம் அதுவும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காளீஸ்வரியின் வரிசை மறுபடியும் வாசலைத் தாண்டியது; எல்லா ஆலைகளிலிருந்தும் வரிசைகள் கிளம்பின. தடியடி நடந்தது. ஞானபூரணிக்குக் கை முறிந்தது. யாரும் ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. எழுந்து மறுபடியும் பாதத்தைத் தேய்த்து நடந்தார்கள். அரியக்குடிக்குப் பெருமாளைச் சேவிக்க வந்தவர்கள் கும்பிட்ட கையோடு சேர்ந்துகொண்டார்கள். பிறகு மதுரை வக்கீல்கள், சென்னை மாணவர்கள், கொல்கத்தா சணல் ஆலைக்காரர்கள், பஞ்சாப் உழவர்கள். மொழி வேறுவேறு, சர்ரு சர்ரென்ற கால் சத்தம் ஒன்றுதான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒரு நாற்காலி நகராதா? சுடச் சொல்லி உத்தரவு வந்தபோது துப்பாக்கி பிடித்தவர்கள் சுடவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

ஆட்சியாளர் விமானம் ஏறிப் போனார். தேர்தல் தேதி வந்தது. சிறைக் கதவுகள் திறந்தன.

இளைத்துப்போயிருந்த சத்தியப்பிரியா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். காளீஸ்வரிக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம், அழுது தீர்த்தாள்.

"எம்மா, நாடே ஒன்னயத்தான் பேசுது. திரும்பாமப் போகணும்னு எப்பிடிம்மா தோணுச்சு?"

"தோணலடி. ஒன்னய நெனச்சுக்கிட்டே போனேனா, திரும்ப மறந்துட்டேன்."

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப மறுநாளு?"

காளீஸ்வரி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மறுநாளு மறக்கலடி. ஞாபகமாத்தான் திரும்பாமப் போனேன்."