ஒத்து ஊதின கல்யாணம்

இப்பல்லாம் நாலு பேரு ஒரு இடத்துல உக்காந்தா சங்கம்னு பலகை மாட்டிடுறான். மறுமாசம் அதே தெருவுல இன்னொரு பலகை தொங்குது. எல்லாவனும் தலைவனா இருக்கத்தான் வாரான், ஜமுக்காளம் விரிக்க ஆள் இல்ல. அதனால மதுரையில நூருல் அமீன் ராவுத்தர் பேண்டு ஆரம்பிச்சப்பவும் நான் நம்பல. பலகையில ஆர்க்கெஸ்ட்ரான்னு எழுதியிருந்துச்சு. எங்க வாயில பேண்டுதான்.

ராவுத்தர் தகரப்பெட்டிக் கடைக்காரரு. முதல் உலகச் சண்டையில வெள்ளைக்காரன் பட்டாளத்தோட கப்பலேறி பஸராவுக்குப் போயி, அங்க கிளாரினெட் ஊதக் கத்துக்கிட்டு வந்தவரு. பட்டாளத்துல கழிச்சுப் போட்ட வாத்தியங்களை வாங்கி, பெட்டிக்கு ஈயம் வச்சுப் பத்த வைக்கிற ஆளை விட்டே ஓட்டையை அடைச்சாரு. கடைக்குப் பின்னால குடோன்ல ஆள் சேந்துச்சு. மில்லு வேலைக்காரன், தச்சன், சர்ச்சுல பிடில் வாசிக்கிற வேதக்கார வாத்தியாருன்னு இருபது பேரு. மெட்டு எனக்குத்தான் வேணும்னு மூணு பேரு சண்டை போட்டுப் பிரிஞ்சாங்க. ராவுத்தர் வேற ஆளைச் சேத்து ஓட்டினாரு.

என் மகன் விருமாண்டியும் அதுல போய்ச் சேந்தான். சமயநல்லூர்ல காட்டை நான் ஒத்தையில உழுதேன், இவன் மில்லு விட்டதும் ஊதப் போயிருவான். சரி, என்னத்த ஊதுறான்? மெட்டு ஊதுறது ராவுத்தரு. இவனுக்குக் கீழ்க்குரல். மெட்டு மேல போகையில இவன் அடியில வேற எதையோ ஊதிக்கிட்டுக் கெடக்கணும். தனியாக் கேட்டா அது பாட்டே இல்ல.

வாடிப்பட்டியில என் மச்சினன் மொக்கைச்சாமி மகளுக்குக் கல்யாணம் வச்சான். பேண்டுக்குச் சொல்லிட்டு வந்து என்கிட்ட சிரிச்சான்.

"என்ன மச்சான், உங்க மகன் அங்க ஒத்து ஊதுறானாமே."

நாயனக்காரர் பக்கத்துல நின்னு ஒரே சுதியை இழுத்துக்கிட்டு இருப்பான் பாருங்க, அவன்தான் ஒத்து. எங்க பக்கம் ஒருத்தனை வையணும்னா ஒத்தூதுறவன்னு சொன்னாப் போதும்.

மறுநாளே குடோனுக்குப் போனேன்.

"ராவுத்தரே, கல்யாணத்துல எங்க சொந்தம் அம்புட்டும் இருக்கும். என் மகன் மெட்டு ஊதணும். இல்லாட்டி இப்பவே என்கூட வரணும்."

விருமாண்டி தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"அண்ணே, இது ஒத்து இல்ல"ன்னாரு ராவுத்தர். "ஒத்து நின்ன இடத்துலயே நிக்கும். இது நடக்கும்."

"எங்க சொந்தக்காரன்கிட்ட அதை நீங்க வந்து சொல்லுவீகளா?"

வாத்தியாரு குறுக்க வந்தாரு. "இப்படிக் கேட்டுப் போன மூணு பேரும் தனித்தனியா பேண்டு வச்சாங்க. இப்ப ஒண்ணு இருக்கா?"

"அது அவங்க பாடு."

ராவுத்தர் கிளாரினெட்டைத் துடைச்சுக்கிட்டே யோசிச்சாரு. "விருமாண்டி போயிட்டா அந்த இடத்துக்கு ஆள் இல்ல. கல்யாணத்துக்கு நீ மெட்டு ஊது மாப்ள. கீழ்க்குரல் நான் பாத்துக்கிறேன்."

எனக்கு அப்பவே சந்தேகம். கையில இருக்குறதை எவன் சும்மா குடுப்பான்?

வாடிப்பட்டியில பந்தலுக்கு முன்னால நின்னு ஊதினாங்க. விருமாண்டி மெட்டு எடுத்தான். மொக்கைச்சாமி பந்தி பாக்குற சாக்குல நழுவிட்டான்.

"ராவுத்தர் நம்ம பயலுக்கு ஒத்து ஊதுறாரு பாத்தீகளா"ன்னா என் பொஞ்சாதி அன்னக்கொடி.

மூணாம் பாட்டு பாதியில இவனுக்கு வழி தப்பிருச்சு. வாயில குழலை வச்சபடி முழிச்சான். ராவுத்தர் நிறுத்தல. அடியில அவர் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தாரு. இவன் அதைக் காதுல வாங்கி, பிடிச்சு ஏறிக்கிட்டான். வேற யாரும் கவனிக்கல. நான் அவன் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்ததால தெரிஞ்சுச்சு.

பந்தி முடிஞ்சதும் என்கிட்ட வந்தான்.

"அப்பா, எனக்கு இனி மெட்டு வேணாம். ராவுத்தர்கிட்ட சொல்லிட்டேன்."

"ஒரு தடவை தப்பினதுக்கா?"

"நான் நின்னப்ப அவரு நிக்கல. அந்த வேலைதான் எனக்கு."

"ராவுத்தர் உன்னை நல்லா மயக்கி வச்சிருக்காரு. அடியில கெடக்குறதுல என்னடா பெருமை?"

அவன் போயி, ராவுத்தருக்கு இடப்பக்கம் நின்னான். மறுபடி ஆரம்பிச்சாங்க. "இருங்க, கேட்டுட்டுப் போவோம்"ன்னா அன்னக்கொடி. நீ கேட்டுட்டு வான்னு சொல்லிட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுல நடந்தேன்.

ரொம்ப தூரம் கேட்டுச்சு. அதுல எது என் மகன் ஊதுறதுன்னு தெரியல. நானும் அதைத்தானே சொல்றேன்.